தட்டு, கூடை, சங்கிலி: காசு கேக்காத கோல்ஃப்

கோல்ஃப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு வெள்ளைத் தொப்பி, பேட்டரி வண்டி, அப்புறம் வாசல்ல நம்மளை ஏற இறங்கப் பாக்கற செக்யூரிட்டி. நான் இப்ப சொல்லப் போற கோல்ஃப்ல இது எதுவுமே கிடையாது. பந்து கூட கிடையாது. வெறும் பிளாஸ்டிக் தட்டுதான். பேரு டிஸ்க் கோல்ஃப்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். பார்க்குல ஒரு இடத்துல நின்னுக்கணும். 200, 300 அடி தள்ளி கம்பத்துல ஒரு இரும்புக் கூடை இருக்கும். அதுக்கு மேல வட்டமா சங்கிலிகள் தொங்கும். தட்டை எறியணும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கேர்ந்து மறுபடி எறியணும். கூடைக்குள்ள விழற வரைக்கும் எத்தனை எறின்னு எண்ணிக்கணும். இப்படி 18 கூடை. குறைச்சலா எறிஞ்சவன் கெட்டிக்காரன். அவ்வளவுதான்!

நானும் பையனும் இதை ஆட ஆரம்பிச்சது லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துல, பாஸடீனாவை ஒட்டி இருக்கற ஓக் க்ரோவ் பார்க்குல. இப்ப அந்த இடத்துக்கு ஹஹமோங்னான்னு பேரு, இந்த மண்ணோட பூர்வகுடிகளான டோங்வா மக்களோட வார்த்தை. டிஸ்க் கோல்ஃபுக்கு இது கிட்டத்தட்ட குலதெய்வக் கோயில் மாதிரி. உலகத்துலயே முதல் நிரந்தர மைதானம் 1975ல இங்கதான் வந்துச்சு. அமைச்சவர் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பி தட்டு ஆடாம நேரா பறக்கற மாதிரி அதைச் சீர்படுத்தினதும் இவர்தான். முதல்ல வெறும் கம்பத்தைக் குறி வெச்சுத்தான் எறிஞ்சாங்களாம், சங்கிலிக் கூடை அப்புறம் அவர் கண்டுபிடிச்சது. பறந்து வர்ற தட்டோட வேகத்தை சங்கிலி உறிஞ்சிக்கிட்டு கூடைக்குள்ள இறக்கி விட்டுரும். மனுஷன் 2002ல இறந்தப்போ, அவர் ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து தட்டு வார்த்தாங்க. நம்மூர்ல காவிரில கரைப்போம், அவர் பறந்துட்டார் :-)

நாங்க இங்க வந்து சேர்ந்த காரணம் சரித்திரம் இல்லீங்க. எனக்கு அப்ப வேலை போயிருந்தது. வீட்ல ஒவ்வொரு செலவா வெட்டிக்கிட்டே வந்ததுல பையனோட டென்னிஸ் கோச்சிங்கும் போச்சு. 13 வயசுப் பையன், ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் கஷ்டமா இருந்துச்சு. சனிக்கிழமை காலைல காசு செலவில்லாம எங்க போறதுன்னு தேடினப்பதான் இது மாட்டிச்சு. நுழைவுக் கட்டணம் கிடையாது, மெம்பர்ஷிப் கிடையாது. ஆளுக்கு ஒரு தட்டு வாங்கினதோட செலவு முடிஞ்சுது.

தட்டு பாக்க பொம்மை மாதிரி இருந்தாலும் லேசுப்பட்டது இல்ல. கடற்கரைல பிடிச்சு விளையாடற ஃப்ரிஸ்பியை விட சின்னது, ஓரம் கூர்மை, எடை 170 கிராம் சுத்தி வரும். வலது கையால சாதாரணமா எறிஞ்சா கடைசில வேகம் குறையறப்ப இடது பக்கம் சாயும். அந்தச் சாய்வைக் கணக்குப் பண்ணித்தான் ஓக் மரங்களுக்கு நடுவுல விடணும். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெட் ப்ரொபல்ஷன் லாப். அவங்க செவ்வாய்க்கே வண்டி அனுப்பி கரெக்டா எறக்கறாங்க. என் தட்டு இருபதடில இருக்கற மரத்தைத் தாண்டல!

ரெண்டாவது வாரம், பின்னாடி தனியா ஆடிட்டு வந்த ஒரு பெரியவர் பையனைக் கூப்பிட்டு, "பலமா எறியாதே தம்பி, சமமா எறி"ன்னு சொல்லிக் கொடுத்தார். தட்டுக்குப் பின்னாடி போன் நம்பர் எழுதச் சொன்னதும் அவர்தான். பையன் என் நம்பரை மார்க்கர்ல எழுதினான்.

இந்த ஆட்டத்துல எறியற நேரத்தை விட நடக்கற நேரம்தான் ஜாஸ்தி. முகத்துக்கு முகம் பாக்காம பக்கத்துல பக்கத்துல நடக்கறப்போ, வீட்ல வாய் தெறக்காத பசங்க பேசறாங்க. ஏழாவது கூடையோ எட்டாவது கூடையோ, புதர்ல தட்டைத் தேடிக்கிட்டே கேட்டான்: "ப்பா, நாம இந்தியாவுக்கே திரும்பிப் போயிடுவோமா?"

"தெரியலடா. போனா எல்லாரும் சேர்ந்துதான் போவோம்."

"சரி. உன் தட்டு அங்க இருக்கு பாரு"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. ஆனா மாசக்கணக்கா அடைச்சுக்கிட்டிருந்தது ஏதோ எனக்குத் தெறந்த மாதிரி இருந்துச்சு.

அன்னைக்குத்தான் அவன் தட்டு ஒண்ணு பள்ளத்துல போய்த் தொலைஞ்சுது. எவ்வளவு தேடியும் கிடைக்கல. நாலு நாள் கழிச்சு தெரியாத நம்பர்லேர்ந்து போன். இன்டர்வியூ அழைப்போன்னு பதறி எடுத்தேன். "உங்க தட்டு கிடைச்சிருக்கு, சனிக்கிழமை வருவீங்களா?" முதல்ல சப்புன்னு ஆயிருச்சு. அப்புறம் யோசிச்சேன். யாரோ ஒருத்தர், தன் வேலையை விட்டுட்டு, பதினஞ்சு டாலர் பிளாஸ்டிக்குக்காக ஒரு முன்பின் தெரியாதவனைக் கூப்பிடறார். அந்த மாசம் என்னை யாருமே கூப்பிடல, அவர் கூப்பிட்டார்.

சுவரும் கேட்டும் இல்லாத மைதானம் இப்படித்தான் ஓடுது. அது கோல்ஃபுக்குன்னு ஒதுக்கின நிலம் இல்ல, பொதுப் பார்க். நாயோட நடக்கறவங்க, குதிரைல போறவங்க, பிக்னிக் வர்ற குடும்பம் எல்லாருக்கும் சொந்தம். குறுக்க ஆள் வந்தா கையில தட்டோட நிக்கணும். அவங்க போனப்புறம்தான் எறியணும். எண்ணிக்கையை யாரும் சரிபார்க்க மாட்டாங்க, நாமளேதான் உண்மையைச் சொல்லணும். இது கெட்டா ஒரு நாள் கூடையைப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க.

ஆறாவது மாசம் வேலை கிடைச்சுது. டென்னிஸ் கோச்சிங் திரும்பச் சேத்து விடவான்னு கேட்டேன். "சனிக்கிழமை வேணாம்"னுட்டான்.

அமெரிக்காவுல இருக்கறவங்க, பிள்ளைகளைப் பாக்க வர்ற அப்பா அம்மாக்கள், பக்கத்து பார்க்குல சங்கிலி குலுங்கற சத்தம் கேட்டா ஒரு எட்டு போய்ப் பாருங்க. முதல்ல டிரைவர் வாங்காதீங்க, புதுக் கைக்கு அது அடங்காது. ஒரு பட்டர் போதும். பின்னாடி போன் நம்பரை எழுதிக்கோங்க.