வாகைகுளத்தில் இறங்கும் விமானம்

தூத்துக்குடி என்றதும் நேயர்களுக்கு முத்தும் உப்பும் கப்பலும் ஞாபகத்துக்கு வரும்; ஆகாய விமானம் வருவதில்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், பட்டணத்தை அடையுமுன்பே, வாகைகுளத்தில் பனைகளுக்கு மேலாக விமானம் தாழ்ந்து இறங்கும் காட்சியைக் காணலாம். நாமும் அங்கே சற்று நின்று பார்த்துவிட்டே போனோம்.

இந்த விமான நிலையம் 1992-ஆம் வருஷம் திறக்கப்பட்டது. சர்க்கார் ஸ்தாபனமான வாயுதூத், சென்னையிலிருந்து விமானம் விட்டது. சில மாதங்களுக்குள் அது நின்றுபோயிற்று. 2006-இல் ஏர் டெக்கான் கம்பெனி சென்னைக்கு விமானம் விட்ட பிறகே நிலையத்துக்கு மறுபடியும் உயிர் வந்தது. அப்பொழுதும் ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர்தான். கனத்த ஜெட் விமானம் வேகமாக வந்து இறங்கி, ஓடி நிற்பதற்கு அது போதாது. ஆகையால் விசிறி சுழலும் சிறு விமானங்களே வந்து போயின.

இப்பொழுது பாதை 3,115 மீட்டர் நீண்டிருக்கிறது. வருஷத்துக்கு 20 லட்சம் பிரயாணிகளுக்கு இடமளிக்கக்கூடிய புதிய கட்டடத்தை, 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதம மந்திரி திறந்து வைத்தார். கட்டடம் விசாலமானதுதான். ஆனால் கட்டடமும் பாதையும் இருந்தால் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடியின் சரித்திரமே விடை சொல்லுகிறது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். ஜனங்கள் அதில் ஏறினார்கள். அந்நியக் கம்பெனியோ கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-க்குள் கம்பெனி மறைந்தது. துறைமுகம் அங்கேயேதான் இருந்தது, கடலும் வற்றிவிடவில்லை. நஷ்டத்தைத் தாங்கித் தொடர்ந்து கப்பல் விடும் வலிமைதான் இல்லாமற் போயிற்று.

விமானத்துக்கும் நியாயம் அதுவே. குறித்த நேரத்தில், சாமானிய குடும்பத்தாரும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், தவறாமல் விமானம் வரவேண்டும். சென்னை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகவேண்டிய நோயாளியும், வேலைக்குப் போகும் இளைஞனும், சரக்குக்கு விலை பேசப் போகும் வியாபாரியும் அதை நம்பிப் புறப்படவேண்டும். ஒரு மாதம் வந்து மறுமாதம் நின்றால், ஜனங்கள் பழையபடி ரயிலடிக்கே போவார்கள்.

நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே வந்த விமானம் திரும்பி மேலெழுந்தது. சிதம்பரம் பிள்ளையின் பெயரை இன்று தூத்துக்குடித் துறைமுகம் தாங்கி நிற்கிறது. அவர் பட்ட பாடத்தை வாகைகுளம் மறவாதிருக்குமாக!