நெஞ்சு வலியும் இ-பாஸும்

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. அதன்பிறகு இதய மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். மாரடைப்பு என்று வருகிறவர்கள் திடீரென்று குறைந்துவிட்டார்கள்! இந்திய இதயவியல் சங்கம் 187 மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது. மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை, 2019-ல் சேர்ந்தவர்கள் 25,418 பேர். 2020-ல் அதே மூன்று மாதத்தில் 16,414 பேர்தான்.

வீட்டுச் சாப்பாடு, புகையில்லாத காற்று, ஆபீஸ் டென்ஷன் இல்லை, அதனால் மாரடைப்பே குறைந்துவிட்டது என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஒன்பதாயிரம் பேரை அப்படிக் கணக்குத் தீர்க்க முடியுமா? பலர் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

காரைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஆட்சி மட்டும் புதுச்சேரி. புதுச்சேரி ஜிப்மருக்குப் போக 130 கிலோமீட்டருக்கு மேல். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயேதான் போகவேண்டும். சாதாரண நாளில் இந்த எல்லை யாருக்கும் ஞாபகம் வராது (பெட்ரோல் போடும்போது தவிர). 2020-ல் வந்தது. செக்போஸ்ட், இ-பாஸ். மருத்துவ அவசரத்துக்குப் பாஸ் உண்டுதான். ஆனால் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, யார் நிதானமாக செல்போனில் விண்ணப்பம் போடுவார்கள்? 'கேஸ் ட்ரபிள்தான், விடிஞ்சதும் பார்க்கலாம்' என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது சுலபம். போனால் கொரோனா வார்டில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

இதயத் தசை விடியும்வரை காத்திருப்பதில்லை. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே தசை சாகத் தொடங்குகிறது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் குழப்பம் தீரவில்லை. மூச்சுத் திணறல் கொரோனாவாலா, இதயத்தாலா? மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் கொரோனாவிலும் உயரும். ஆஞ்சியோவுக்கு முன் கொரோனா பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த இடங்கள் உண்டு. அதனால் பல நாடுகளில் ஊசிக்கு மறுபடி மவுசு வந்தது. ஆஞ்சியோ வசதி தூரத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

பழைய இதய நோயாளிகள் பாடு வேறு. ஜிப்மர் உட்பட பல இடங்களில் புறநோயாளிப் பிரிவைக் குறைத்துவிட்டு, தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்கள். மாத்திரையைச் சொல்லலாம், இசிஜியைத் தொலைபேசியில் எடுக்க முடியாதே. தாமதமாக வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் நிரந்தரமாகப் பலவீனமானது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், காலில் நீர் கோக்கும். கொரோனா பாதிப்புக் கணக்கில் அவர்கள் யாரும் இல்லை.