தூண்டிலும் வழிகாட்டியும்

தூண்டில் தமிழர்க்குப் புதிய கருவி அன்று. வலையும் தூண்டிலும் கொண்டு நெய்தல் நிலத்து மாந்தர் வாழ்ந்த வாழ்வைச் சங்கப் புலவர் பாடினர். சூதில் கிட்டும் வெற்றிக்கு உவமை தேடிய வள்ளுவர், மீன் விழுங்கிய தூண்டில் முள்ளைக் கண்டார். பாண்டியர் கொடியில் மீன் பறந்தது; மகளிர் கண்ணுக்குக் கயல் உவமையாயிற்று. அந்நாளைய தூண்டில் உணவுக்குரிய தூண்டில். பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு மகிழ்ந்து திரும்பும் வழக்கம் பிற்காலத்தது, பிற நாட்டது. அதனை வீண் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்குமுன் அதன் வரலாற்றைச் சற்றே ஆராய்வது நலம்.

மீன் பிடித்தலை ஓர் அமைதியான கலையாகப் போற்றி ஐசக் வால்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் 1653-இல் வெளிவந்தது. அக்கலையின் உச்சியில் வைத்து எண்ணப்படுவது அட்லாண்டிக் சால்மன் மீன். தாவுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது என்பர். பொருத்தமான பெயர்தான். குளிர்ந்த ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே இடப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, சில ஆண்டுகள் ஆற்றிலேயே வளர்கிறது. பின்னர் வெள்ளி நிறம் பூண்டு கடலுக்குச் செல்கிறது. கிரீன்லாந்து வரையிலும் நீந்திச் சென்று, உண்டு கொழுத்து, ஓராண்டோ ஈராண்டோ மூவாண்டோ கழித்துத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. அருவிகளை எதிர்த்துத் தாவி மேலேறி, தானும் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுகிறது. பிறந்த ஆற்றின் மணத்தை அது மறப்பதில்லை என்று அறிவியலார் கூறுவர்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் உணவு கொள்வதில்லை. பசியற்ற மீனைப் பிடிப்பது எங்ஙனம்? சிறு முள்ளின்மேல் இறகும் பட்டு நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயை, நீண்ட கோலால் வீசி, நீரின் ஓட்டத்தில் மிதந்து செல்லவிடுவர். மீன் அதனைக் கவ்வுவது சினத்தாலா, பழைய நினைவாலா என்று இன்றளவும் வாதிடுகின்றனர். எனவே, இக்கலையில் இரையைவிட இடமறிதலே பெரிது. எந்தப் பாறையின் நிழலில் மீன் இளைப்பாறும், மழை பெய்து வெள்ளம் வடிந்த எத்தனையாவது நாழிகையில் அது நகரும் என்பதை ஆற்றோடு வாழ்ந்தவனே அறிவான். அவ்வாறு அறிந்து, வருவோரை அழைத்துச் செல்பவனை ஸ்காட்லாந்தில் 'கில்லி' என்று அழைப்பர். பையன், பணியாள் என்பது அச்சொல்லின் பழம்பொருள். சொல்லால் பணியாளே எனினும், ஆற்றங்கரையில் அவனே ஆசான். செல்வரும் பிரபுக்களும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டே நிற்பர்.

1922-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணி 64 பவுண்டு எடையுள்ள சால்மனைத் தூண்டிலில் பிடித்தார். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களுள் அதனை விஞ்சியது இன்றுவரை இல்லை. அன்று படகில் உடனிருந்து துடுப்பு வலித்தவர், அவ்வாற்றை நன்கறிந்த அவருடைய தந்தையே.

அத்தகைய பெருமீன்கள் இன்று அரியவாகிவிட்டன. அணைகள், மாசு, கடலின் வெப்பம், பண்ணை மீன்களால் பரவும் ஒட்டுண்ணிகள் எனக் காரணங்கள் பல. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023-இல் அட்லாண்டிக் சால்மனை 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்னும் நிலைக்கு மாற்றியது. 2006 முதல் 2020 வரை அதன் உலகத் தொகை 23 விழுக்காடு குறைந்ததாகவும் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் சால்மன்களுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இப்போது உயிரோடு ஆற்றிலேயே விடப்படுகின்றன.

இக்கதை குளிர்நாட்டோடு முடிவதன்று. தமிழகத்தின் தாயாகிய காவிரியிலும் இதற்கு ஒப்பான ஒரு வரலாறு நிகழ்ந்துள்ளது. காவிரியின் மகசீர், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருமீன். தமிழில் அதனைப் பூமீன் என்பர். 1946-இல் காவிரியின் துணையாறாகிய கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இன்கன் என்பார் 120 பவுண்டு எடையுள்ள மகசீரைப் பிடித்தார். பின்னர் அம்மீன் அழிந்தே போயிற்று என்று பலரும் கருதியிருந்த காலத்தில், 1977-78-இல் வந்த ஆங்கிலேயர் சிலர் அது காவிரியில் இன்னும் வாழ்வதைக் கண்டு உலகுக்கு உரைத்தனர். அதன்பின் கருநாடகத்தின் பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் தோன்றின. கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டிய உருண்டையே இரை, பரிசலே படகு, ஆற்றோரச் சிற்றூர்களின் மக்களே வழிகாட்டிகள். அவர்களுள் சிலர் முன்னர் வெடி வைத்து மீன் பிடித்தவர்கள். உயிருள்ள மீனால் மாதந்தோறும் ஊதியம் கிட்டத் தொடங்கியதும், அவர்களே ஆற்றின் காவலரும் ஆயினர். பிடித்த மீன்கள் எடையிடப்பட்டு, குறிப்பேட்டில் பதியப்பட்டு, ஆற்றில் விடப்பட்டன.

ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றுவது அறமாகுமா? உயிர் கொல்லாவிடினும் நோவு செய்வது தகுமா? அருளை அறத்தின் வேராகக் கொண்ட தமிழ் மரபில் வந்தோர்க்கு இக்கேள்வி இயல்பானதே. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில், 2012-இல் காவிரிச் சரணாலயப் பகுதியில் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. மீனுக்கு நோவு நின்றது. அதே வேளையில், வழிகாட்டிகள் தம் தொழிலை இழந்தனர். நாளும் ஆற்றைப் பார்த்திருந்த கண்கள் குறைந்தன. வெடி வைப்போர் மீண்டும் தலையெடுப்பரோ என்று ஆய்வாளர் அஞ்சினர்.

இங்கேதான் அக்குறிப்பேடுகளின் அருமை விளங்குகிறது. 1998 முதல் 2012 வரை காலிபோரே முகாமில் பதியப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் விவரங்களை ஆய்வாளர் ஒன்றுதிரட்டினர். மொத்த மீன்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் பெருகியது வேறோர் இனமாகிய நீலத்துடுப்பு மகசீர். ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்தோடு குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட இனம் அது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீரோ ஆண்டுதோறும் அருகி வந்தது. உலகப்புகழ் பெற்ற அம்மீனுக்கு உறுதியான அறிவியற்பெயர்கூட அதுவரை இல்லை என்பது வியப்புக்குரியது. 2007-இல் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவியை' என்னும் இனமே அது என 2018-இல் தெளிவாயிற்று. அவ்வாண்டே அது மிகவும் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. தூண்டிற்காரரின் குறிப்பேடு இல்லையேல், காவிரியில் மகசீர் பெருகுகிறது என்று மகிழ்ந்திருக்கும்போதே காவிரியின் சொந்த மகசீர் மறைந்திருக்கும். நல்லெண்ணத்தோடு அறிவும் சேராவிடின் விளைவது இதுவே.

மலேசியாவின் கெலா மீன் இந்த மகசீரின் உறவினமே. தெளிந்து விரைந்தோடும் மலையாற்றில் வாழ்ந்து, கரைமரங்கள் உதிர்க்கும் கனிகளையும் உண்டு, மெல்ல வளர்வது அது. அதன் சுவையும் விலையுமே அதற்குப் பகையாயின. பகாங்கின் தேசியப் பூங்காவில், தஹான் ஆற்றின் லூபோக் தெனோர் என்னுமிடத்தில் அதற்கெனச் சரணாலயம் அமைக்கப்பட்டுள்ளது. அங்குத் தூண்டில் இல்லை. படகில் அழைத்துச் செல்லும் வழிகாட்டி உண்டு. நீருக்குள் நிற்போரின் கையருகே வந்து கெலா இரை கொள்ளும் காட்சியைச் சிறுவரும் கண்டு களிக்கலாம். முள்ளின்றியும் மனிதனை ஆற்றோடு இணைக்க இயலும் என்பதற்கு இது சான்று. மேலே எழுந்த அறக்கேள்விக்கு இஃது ஒரு விடையும் ஆகும்.

இத்தகைய இடம் ரவாங்குக்கும் தொலைவில் இல்லை. ரவாங்கிலிருந்து வடக்கே செரண்டா, பத்தாங் காலி கடந்து, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைச் சாலையில் ஏறினால் சுங்கை சிலிங் வரும். மீன்வளத் துறையின் பாதுகாப்பில் கெலா வாழும் ஓடை அது. அதன் நீர் இறங்கிச் சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. ரவாங்கின் ஓடைகளும் வளைந்து சென்று அதே ஆற்றில்தான் கலக்கின்றன. மேலே கெலா நீந்தும் ஆறும், கீழே ரவாங் மக்களின் கழிவுநீரை ஏற்கும் ஆறும் ஒன்றே என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

ரவாங் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச்சுரங்கத்தில் மின்னாற்றலை இயக்கியதால், மலாயாவில் முதன்முதலில் மின்சாரம் கண்ட ஊர் என்னும் பெருமையும் அதற்கு உண்டு. அவ்வாக்கத்தின் விலையை ஆறுகளும் கொடுத்தன. மண்ணைக் கரைத்து ஈயம் அலசிய இடங்களில் நீர் கலங்கிச் சேறாயிற்று. சுரங்கங்கள் மூடியபின் ஈயக் குட்டைகள் எஞ்சின; தொழிற்சாலைகள் வந்தன. 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த தொழிற்கழிவினால், சிலாங்கூர் ஆற்றின் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க்கணக்குகளுக்குக் குழாய்நீர் தடைப்பட்டது. ஒரு சிற்றோடையின் நோய் ஒரு பெருநகரின் தாகமாக மாறிய நாள் அது. ஓடையில் மீன் இருந்ததா, இறந்ததா என்று அன்று கேட்டோர் மிகச் சிலரே. தினமும் அதனைப் பார்த்துக் குறிப்பெழுதுவோர் இருந்திருப்பின், நோயின் முதற்குறி முன்னரே தென்பட்டிருக்கக் கூடும்.

தமிழ்ப்பள்ளிகளின் அறிவியற் பாடமும் மொழிப்பாடமும் இங்கு கைகோக்க இடமுண்டு. மாதம் ஒருமுறை மாணவர் சிலர் ஆசிரியரோடு அருகிலுள்ள ஓடைக்குச் சென்று, நீரின் நிறம், மணம், ஓட்டம், காணப்படும் மீன், இல்லாமற்போன மீன் ஆகியவற்றைத் தமிழில் நாள் குறித்து எழுதலாம். பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நூறு தாள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். அவ்வோடையை இளமைமுதல் அறிந்த முதியவர் ஒருவர் ஊரில் இருப்பின், அவரையே வழிகாட்டியாக அழைக்கலாம். அங்கு என்னென்ன மீன்கள் இருந்தன, அவற்றுக்கு என்ன பெயர் வழங்கிற்று என்பதை அவர் கூறக் கேட்டு முதற்பக்கத்தில் எழுதி வைத்தல் நன்று. அப்பெயர்கள் அவரோடு மறைந்துபோகுமுன் அது செய்யத்தக்கது.