ஏரிக்கு இரண்டு கரை

டெல்லியில் மே மாத வெயில் ஏறத் தொடங்கியதும் அந்தப் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு ஞாபகம் வரும் ஊர் நைனிதால். நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும் எப்படியோ அப்படி. தேனிலவு, பள்ளி விடுமுறை, ஆபீஸ் எல்.டி.சி. எல்லாம் அங்கேதான் போய் முடியும். நானும் மனைவியும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போனோம். பழைய டெல்லியில் இரவு ராணிக்கேத் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது காத்கோதாம். 1884-இல் அங்கே வந்து நின்ற தண்டவாளம் இன்றுவரை அதற்கு மேல் ஏறவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்த ஷேர் டாக்சி ஒன்றில் இடம் பிடித்தோம். சுமார் 35 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், பின்சீட்டுக் குழந்தையின் அழுகை. எல்லாம் தாண்டியதும் ஏரி தெரிந்தது.

ஊரின் அமைப்பு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். மூன்று பக்கம் மலை. நாலாவது பக்கத்தில் சின்னத் திறப்பு. நடுப்பள்ளத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏரி. திறப்பு இருக்கும் கீழ்முனைக்குத் தல்லிதால் என்று பெயர், மேல்முனைக்கு மல்லிதால். இரண்டையும் இணைத்துக்கொண்டு ஒரு கரையில் மால் ரோடு ஓடுகிறது. ஓட்டல், கம்பளிக்கடை, மெழுகுவத்திக் கடை, ஐஸ்கிரீம், போட்டோ எடுத்துக் கொடுப்பவர் எல்லாம் அந்தக் கரையில்தான். எதிர்க்கரையில் வண்டி நுழைய முடியாத ஒரு பாதை. குளிர்ந்த சாலை என்ற பொருளில் அதைத் தண்டி சடக் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் ஜனத்தொகை 41,000 சொச்சம். சீசன் சனி ஞாயிறுகளில் அத்தனை பேரும் மால் ரோட்டில்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும்.

படகுத்துறையில் ரேட் எழுதிப் போட்டிருந்தார்கள். பாதிச் சுற்று, முழுச் சுற்று என்று இரண்டே வகை. எங்களுக்குக் கிடைத்தவர் ஐம்பதைத் தாண்டிய குமாவுன்காரர். மஞ்சளும் சிவப்பும் அடித்த மரப்படகு, அரசிலை வடிவத்தில் அகன்ற துடுப்பு. என் ஓட்டை இந்தியில் பாதிச் சுற்று போதும் என்றேன். அவர் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, "பாதிச் சுற்றுன்னா ஓட்டலை மட்டும்தான் பார்ப்பீங்க சார். முழுச் சுற்று போனாத்தான் ஏரியைப் பார்க்கலாம்" என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தாலும் கூடுதல் பணத்தைக் கட்டினோம். அவர் சொன்னது உண்மை என்று ஊரைவிட்டுக் கிளம்பும்போது தெரிந்திருந்தது.

இந்த ஏரிக்கும் படகுச் சவாரிக்கும் இருக்கும் பழைய தொடர்பு அவ்வளவு இனிமையானதல்ல. நைனா தேவி கோயில் கொண்ட ஏரி என்பதால் சுற்றுவட்டாரத்து மக்கள் இதைப் புனிதமாக நினைத்தார்கள். ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குக் கூடிக் கலைந்துவிடுவார்கள், இங்கே வீடு கட்டமாட்டார்கள். ஷாஜகான்பூரில் சர்க்கரை வியாபாரம் செய்துவந்த பாரன் என்ற வெள்ளைக்காரர் 1839-இல் மலையேறி வந்து இடத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். 1842-இல் ஒரு படகையே மலைமேல் சுமந்து வரச்செய்தார். நிலத்துக்கு உரிமை கொண்டாடிய நர் சிங் என்பவரை நயமாகப் பேசி அந்தப் படகில் ஏற்றினார். நடு ஏரிக்குப் போனதும் பேச்சு மாறியது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித்தா, இல்லாவிட்டால் தண்ணீருக்குள் போ. பாவம், மலைக்காரருக்கு நீச்சல் எங்கே தெரியப்போகிறது? பாரனின் குறிப்பேட்டிலேயே எழுதிக்கொடுத்தார். பிறகு அவரையே மாதம் 5 ரூபாய் சம்பளத்தில் அந்த ஊருக்குப் பட்வாரி ஆக்கினார்கள். சொந்த நிலத்துக்குக் கணக்கு எழுதும் உத்தியோகம். இதை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஒரு வேடிக்கைக் கதையாகப் பதிவு செய்துவைத்தார்கள்.

அப்படிப் பிறந்த ஊர் நாற்பது வருஷத்துக்குள் மாகாண அரசின் கோடைத் தலைநகராக வளர்ந்துவிட்டது. கட்டடங்கள் பெரும்பாலும் எழும்பியது ஷேர் கா தண்டா மலைச்சரிவில். வெயில் படும், காட்சி நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சரிவின் பாறை உதிரிப் பாறை. 1880 செப்டம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. 18-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் விக்டோரியா ஓட்டலுக்குப் பின்னால் ஒரு பகுதி சரிந்து சிலர் புதைந்தார்கள். அவர்களைத் தோண்டி எடுக்கச் சிப்பாய்களும் அதிகாரிகளும் ஓடினார்கள். அவர்கள் தோண்டிக்கொண்டிருந்த பிற்பகல் வேளையில் மேலே இருந்த மலை மொத்தமாக இறங்கியது. ஓட்டல், கோயில், கேளிக்கை மண்டபம் எல்லாம் போயின. இறந்தவர்கள் 151 பேர். அதில் 108 பேர் இந்தியர்கள்.

மல்லிதால் முனையில் ஃப்ளாட்ஸ் என்ற பெரிய மைதானம் இருக்கிறது. சாயங்காலத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், சுற்றிலும் மக்காச்சோளமும் மோமோவும் விற்கிறார்கள். ஏற்கெனவே இருந்த சமதரையை இவ்வளவு அகலமாக்கியது அன்றைக்கு வந்து விழுந்த மண்தான். கோயிலையும் மறுபடி கட்டினார்கள். மைதானத்தின் ஓரத்தில் இன்றைக்கு நாம் கும்பிடும் நைனா தேவி கோயில் அதன் வழிவந்ததே.

அந்தச் சரிவுக்குப் பிறகு ஒரு குடும்பம் வீட்டை மாற்றியது. தபால் அதிகாரி கிறிஸ்டோபர் கார்பெட்டின் குடும்பம். பின்னாளில் புலிவேட்டைக்கும் புலிக் கதைகளுக்கும் பேர்போன ஜிம் கார்பெட் அப்போது ஐந்து வயதுப் பையன். 1881-இல் தகப்பனார் இறந்துபோக, தாயார் மேரி ஜேன் எதிர்க்கரை மேலிருக்கும் அயார்பாட்டா மலையில் கர்னி ஹவுஸ் என்ற வீட்டை எழுப்பிக் குழந்தைகளோடு குடியேறினார். இந்த ஊரில் வீடு வாடகைக்குப் பிடித்துத்தரும் தொழிலை வெற்றிகரமாக நடத்திய பெண்மணி அவர். எந்தப் பக்கத்து மண் நிற்கும், எந்தப் பக்கத்து மண் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்காதா? அயார்பாட்டா பக்கம் சுண்ணாம்புப் பாறை. வெயில் குறைவு, ஈரம் அதிகம், ஆனால் கெட்டி. விலைமதிப்பு தெரிந்தவர் தன் வீட்டை எங்கே கட்டினார் என்பதைப் பார்த்தாலே ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் தண்டி சடக்கில் நடந்தோம். ஓக் மரங்களின் நிழல், நடுவே பாறையை ஒட்டிப் பாஷாண் தேவியின் சின்னக் கோயில். ஹாரன் சத்தம் எதிர்க்கரையிலிருந்து மெலிதாக வந்தது. ஓரிடத்தில் தண்ணீரின் மேல் வட்டமாக நுரை கிளம்பிக்கொண்டிருந்தது. மீன் கூட்டம் என்று நினைத்து மனைவி செல்போனை எடுத்தாள். எதிரே வந்த முதியவர் நின்று, "மீன் இல்லை பேட்டி, ஏரிக்கு மூச்சு விடுறாங்க" என்றார். கழிவும் மண்ணும் சேர்ந்து ஆழத்தில் பிராணவாயு குறைந்து, குளிர்காலத்தில் மீன்கள் செத்து மிதந்ததால் 2007-இல் அடியில் குழாய் பதித்து, கரையில் வைத்த கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் செலுத்த ஆரம்பித்தார்கள். அதுமுதல் ஏரி சிகிச்சையில்தான் இருக்கிறது. மால் ரோட்டிலிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. அங்கிருந்து தெரிவது பச்சைத் தண்ணீரும் பாய்மரமும்தான்.

முதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பேச்சுத் துணை கிடைத்த மகிழ்ச்சியில் எங்களோடு தல்லிதால் வரை நடந்தார். கரைச்சுவரில் கறைபடிந்த ஒரு கோட்டைக் கைத்தடியால் காட்டி, தண்ணீர் அதுவரைக்கும் இருந்த கோடைகளும் உண்டு என்றார். ஊர்க்காரர்கள் ஏரியைப் பார்க்கும் பார்வையே வேறு. நாம் நிறத்தைப் பார்க்கிறோம், அவர்கள் மட்டத்தைப் பார்க்கிறார்கள். ஏரியின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து குறிக்கிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் அது செய்தியாக வருகிறது. காரணம், ஊரின் குடிநீர் இதுதான். கரையோரத்தில் கிணறு இறக்கி, மண்ணில் வடிந்து வரும் ஏரித் தண்ணீரை எடுத்து மலைமேல் ஏற்றுகிறார்கள். எங்கள் ஓட்டல் அறையில் கொதிக்கக் கொதிக்க விழுந்த ஷவரும், காலையில் குடித்த டீயும் ஏரிதான்.

2017 கோடையில் தண்ணீர் இறங்கிக் கரையோரத்தில் மண்திட்டுகள் தெரிந்தனவாம். எங்கே போனது தண்ணீர் என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார். மல்லிதாலுக்கு மேலே சூகாதால் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் நிரம்பும், மற்ற நாளில் காய்ந்து கிடக்கும். அங்கே தேங்கும் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து ஏரிக்கு வந்து சேருகிறது. காய்ந்து கிடக்கும் இடத்தைக் கண்டால் மனிதன் சும்மா இருப்பானா? கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள், வீடு கட்டினார்கள், பிறகு அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பினார்கள். அந்த வேலையை 2022-இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நைனிதாலிலேயே அமர்ந்திருக்கும் உயர் நீதிமன்றம் அது.

நீதிமன்றத்துக்கும் ஏரிக்கும் உறவு இன்னும் பழையது. வரலாற்றுப் பேராசிரியர் அஜய் ராவத் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீர் ஏரிக்குள் வரக்கூடாது, அடுக்குமாடி எழும்பக்கூடாது என்பதோடு, குதிரைச் சாணம் ஏரியில் சேராமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சாணி வரைக்கும் இறங்கிவர வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1880-க்குப் பிறகு மலைச்சரிவெங்கும் வடிகால் வெட்டினான். மழைநீர் மண்ணில் ஊறிச் சரிவை இளக்காமல் விறுவிறுவென ஏரிக்கு இறங்கிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. இன்றைக்குப் பல இடங்களில் அந்த வடிகால்களை ஒட்டியும் மறித்தும் கட்டடங்கள். மழையோடு சேர்ந்து குப்பையும் ஏரிக்கு வருகிறது.

மலை தன் பங்குக்கு ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கீழ் மால் ரோட்டின் ஒரு துண்டு ஏரிக்குள் விழுந்தது. 2021 அக்டோபர் மழையில் ஏரி பொங்கிச் சாலையில் ஓடி, ஊரே வெளியுலகத் தொடர்பற்றுப் போனது. ஒரு கோடையில் தண்ணீர் இல்லை, ஒரு மழையில் தாங்கமுடியாத தண்ணீர். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மெதுவாக இறங்க வேண்டிய தண்ணீருக்கு இறங்க இடம் இல்லை.

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானே போய்விட்டு வந்தவன். படகோட்டிக்கு மே, ஜூன் வருமானத்தில்தான் மீதிக் காலம் ஓடவேண்டும். அவரிடமே இதைக் கேட்டபோது, "ஏரியில் தண்ணி இருந்தாத்தான் நீங்க வருவீங்க. நீங்க வந்தா தண்ணி இருக்காது. நாங்க யாரை வேண்டாம்னு சொல்றது?" என்று சிரித்தார். சீசனில் ஊருக்கு வெளியிலேயே கார்களை நிறுத்தவைத்து, வேறு வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். காரில் வந்து ஏரிக்கரையில் இறங்குவது காசு கொடுத்தவனின் உரிமை என்ற நினைப்பு. நிலத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட பாரனுக்கும் இந்த நினைப்புக்கும் தூரம் அதிகமில்லை.

ஆகவே நைனிதாலுக்கு யாராவது வழி கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். முடிந்தால் ஜூனை விட்டுவிட்டு மழை ஓய்ந்த அக்டோபர் கடைசியில் போங்கள். பனிமலைகளும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். காரை மலைக்குக் கீழேயே விட்டுவிடுங்கள். பக்கெட்டில் குளியுங்கள். ஒரு காலை தண்டி சடக்கில் நடங்கள். படகுத்துறையில் முழுச் சுற்றுக்கே சீட்டு வாங்குங்கள்.