மலைக்கு வயது சொல்லும் அணு

இமயத்தைவிட மூத்தது அருணாசலம் என்ற பேச்சு திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம் கிரிவலம் வருவோரிடையே சகஜம். பக்தி மிகுதி என்று இதை ஒதுக்குவோரும் உண்டு. நிலவியலோ இந்த விஷயத்தில் பக்தர் பக்கமே நிற்கிறது. இமயம் எழத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். வடதமிழகத்துக் கடும்பாறைகள் பலவற்றின் வயதோ 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. அப்போது பார்த்துக் குறித்துவைக்க ஆளில்லாத காலத்தின் கணக்கை எப்படி நம்புவது? நம்பலாம். வேதிவினையால் அணுக்கருவைத் தொட முடியாது என்பதே அதற்கு ஆதாரம்.

கார்த்திகை தீபத்தையே எடுத்துக்கொள்வோம். மலை உச்சிக் கொப்பரையில் நெய் எரியும்போது அதிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனோடு கூடி, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் வெளியேறுகின்றன. ஒரு கிலோ நெய்யிலிருந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். கூடுதல் எடை ஆக்சிஜனுடையது. நெய் தீர்ந்துபோனாலும் அணு ஒன்றும் தீர்வதில்லை. வெளி எலக்ட்ரான்களின் பிணைப்பு மட்டுமே மாறுகிறது. வேதிவினையில் ஓர் அணுவுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் புரளும். கதிரியக்கச் சிதைவிலோ பல லட்சம். கொப்பரையின் கீழுள்ள பாறையில் நடப்பது அந்த இரண்டாவது வகை. பாறைக் கனிமங்களில் உள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 8,500 அணுக்களுக்கு ஒன்று கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. 250 கோடி ஆண்டுப் பாறை என்றால், தோன்றியபோது இருந்ததில் கால் பங்குதான் இன்று மிச்சம். மற்றவற்றில் பெரும்பகுதி கால்சியமாகவும், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆர்கானாகவும் மாறிவிட்டது. மிச்சத்தையும் ஆர்கானையும் அளந்தால் பாறையின் வயது தெரியும்.

பாறை சூடேறினால் ஆர்கான் வாயு கசிந்துவிடாதா என்று கேட்கலாம். கசியும், வயது குறைத்துக் காட்டும். அதனால்தான் சிர்க்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கைப் பெரிதும் நம்புகிறார்கள். உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை ஒதுக்கும் படிகம் அது. அதில் யுரேனியம்-238, யுரேனியம்-235 என இரு தனிச் சிதைவுகள் நடக்கின்றன. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் ஐயத்துக்கு இடம் குறைவு. பழங்காலத்தில் சிதைவு வேகமே வேறாக இருந்திருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. காபோன் நாட்டின் ஓக்லோ யுரேனியச் சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே அணுப்பிளவு நடந்த தடயம் 1972-இல் கிடைத்தது. அணுக்கருவின் விதிகள் அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றே என்பதை அதில் எஞ்சிய தனிமங்களின் ஐசோடோப்பு விகிதம் காட்டுகிறது.

மலையில் உணரும் அமைதிக்குக் கதிரியக்கமே காரணம் என்று சொல்வதும், கதிரியக்கம் என்றதும் அஞ்சுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். செஞ்சிப் பாறையிலும் கதிரியக்கம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், தோரியத்தால், இன்னும் அதிகம். கிரிவலம் வரும் ஒவ்வொருவர் உடம்பிலும் பொட்டாசியம்-40 அணுக்கள் நொடிக்கு நாலாயிரம் அளவில் சிதைந்துகொண்டிருக்கின்றன. ரமணர் சொன்ன அமைதியை அணுக்கருவில் தேட வேண்டியதில்லை. மலைப் பாறையின் வயதை அங்கேதான் தேட வேண்டும். பள்ளியில் வேதிவினை ஓர் அலகு, அணுக்கரு வேறோர் அலகு. திருவண்ணாமலை ஆசிரியர்களாவது இரண்டையும் சேர்த்து நடத்தலாம். இரண்டுக்கும் உதாரணம் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.