மரம் தேடும் இருவர்

அசாமுக்குப் போகிறவர்கள் காஜிரங்காவில் காண்டாமிருகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குக் கிழக்கே ஒரு சிறு குரங்கும் மேற்கே ஒரு பெரிய நாரையும் இருக்கின்றன. இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: மரம்.

ஜோர்ஹாட் மாவட்டத்தில் மரியானிக்கு அருகே இருக்கிறது ஹோலோங்காபார் சரணாலயம். பரப்பு 20.98 சதுர கி.மீ.தான். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். ஏழு வகைக் குரங்கினங்கள் வாழும் இந்தக் காட்டின் நாயகன் ஹூலாக் கிப்பன். ஏழெட்டு கிலோ எடை; வால் கிடையாது. ஆண் கறுப்பு, பெண் பழுப்பு. காலையில் ஜோடியாக எழுப்பும் குரல் நெடுந்தூரம் கேட்கிறது. கைகளால் கிளைக்குக் கிளை தாவும் கிப்பன் தரையில் இறங்குவது அபூர்வம். அதுவே வினையாகிவிட்டது. காட்டை ஒரு ரயில் பாதை இரண்டாகப் பிளக்கிறது. கிளை முடியும் இடத்தில் கிப்பனின் உலகமும் முடிந்துவிடுகிறது. 2015இல் தண்டவாளத்துக்கு மேலே இரும்புப் பாலம் அமைத்தார்கள். கிப்பன்கள் அதைச் சீண்டவில்லை. கன்றுகள் நட்டு, கிளைகளைக் கோக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. ஆனால் மரம் வளர வருஷங்கள் ஆகும்.

நாரையின் கதை வேறு. குவஹாத்தியிலிருந்து பிரம்மபுத்திராவைக் கடந்தால் காமரூப் மாவட்டத்தின் தாதரா கிராமம். இங்கே வீட்டுத் தோட்டங்களில் உள்ள உயரமான கடம்ப மரங்களில் கூடு கட்டுகிறது ஹர்கிலா. அசாமிய மொழியில், எலும்பு விழுங்கி. கிட்டத்தட்ட ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. ஈரநிலத்தில் மீன் பிடிக்கும். குப்பைமேட்டில் செத்ததையும் தின்னும். கூட்டிலிருந்து முற்றத்தில் விழும் அழுகல் இறைச்சியின் நாற்றம் தாங்காமல் மரத்தையே வெட்டினார்கள். பறவை அபசகுனம் என்ற பேச்சு வேறு.

2007இல் அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டு ஒன்பது குஞ்சுகள் விழுந்ததைப் பார்த்தார் உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன். ஆராய்ச்சிப் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு கிராமத்துப் பெண்களிடம் போனார். ஹர்கிலாவுக்கு வளைகாப்பு நடத்தினார்கள். கமோசாவிலும் சேலையிலும் அதன் உருவத்தை நெய்தார்கள். 'ஹர்கிலா சேனை' பிறந்தது. 2023இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 'அழியும் ஆபத்தில்' என்ற பட்டியலிலிருந்து பறவையை இறக்கி, 'ஆபத்தை நெருங்கும்' இனமாக்கியது.

கிப்பனின் காடு அரசுடையது. காவல் உண்டு, ஆனால் கிளை அறுந்து கிடக்கிறது. ஹர்கிலாவின் மரம் தனியாருடையது. வீட்டுக்காரர் மனம் மாறினால் கோடரி போதும். ஆனாலும் மீண்டு வருவது ஹர்கிலாதான். சரணாலயம் என்ற பலகை செய்யாததை, முற்றத்தைப் பெருக்கும் பெண்கள் செய்திருக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் இரண்டையும் பார்க்கலாம்.