இரண்டாவது அம்பு



எனக்குக் கணக்கு என்றாலே பயம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம்மில் பல பேருக்கு உள்ள பயம்தானே என்று எழுதுகிறேன்.

காலாண்டுத் தேர்வில் நன்றாகப் பழகிய ஒரு கணக்கு மறந்துபோச்சு. "இதுவே வரலையே, மத்தது எப்படி வரும்? ஃபெயில்தான். டியூஷனுக்குக் கடன் வாங்கின அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று மனசு ஓட ஆரம்பித்தது. கை வியர்த்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அரை மணி நேரம் அப்படியே போய்விட்டது. தெரிந்த கணக்குகளைப் போடவும் நேரமில்லை. 38 மதிப்பெண்.

பேப்பர் கொடுத்த அன்று வரலாறு வகுப்பில் அழுதுகொண்டிருந்தேன். சார் திட்டவில்லை. புத்தர் சொன்ன ஓர் உவமையைச் சொன்னார். சம்யுத்த நிகாயம் என்ற பாலி நூலில் இருக்கிறதாம். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலிக்கிறது. அதையே நினைத்துப் புலம்பித் துடித்தால் இன்னொரு அம்பும் பாய்ந்த மாதிரி. முதல் அம்பு உடம்பில், இரண்டாவது மனசில். பக்குவப்பட்டவருக்கு முதல் அம்பு மட்டும்தான்.

"கணக்கு மறந்தது முதல் அம்பு. அரை மணி நேரம் நீயே உன்மேல விட்டுக்கிட்டது இரண்டாவது" என்றார். சுருக்கென்றது.

இதற்குப் பழக்கம் வேண்டும், அதன் பெயர் "ஆனாபான சதி" என்றார். "சதியா சார்?" என்று வகுப்பே சிரித்தது. பாலியில் சதி என்றால் விழிப்பான நினைவாம். ஆனாபானம் என்றால் உள்மூச்சும் வெளிமூச்சும். மூச்சை அடக்க வேண்டாம். நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொண்டால் போதும். "மனசு ஓடிடுச்சுன்னா திட்டாதே. மெதுவா கூட்டிட்டு வா. நூறு தடவை ஓடினா நூறு தடவை கூட்டிட்டு வா. அதுதான் பயிற்சியே" என்றார்.

தினமும் காலையில் 10 நிமிடம் உட்கார்ந்தேன். மூன்றாவது மூச்சுக்குள் மனசு அடுப்படிச் சட்னிக்குப் போய்விடும். "சாமியாரம்மா!" என்று தம்பி கேலி செய்வான். விடவில்லை.

அரையாண்டிலும் ஒரு கணக்கு மறந்தது. அதே படபடப்பு. பேனாவைக் கீழே வைத்தேன். "பயம் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பத்து மூச்சு கவனித்தேன். கடன், ஃபெயில் எல்லாம் பிறகு. இப்போது என் முன்னால் இருப்பது அடுத்த கணக்கு. அதைப் போட்டேன். பிறகு அதற்கடுத்தது. மறந்த கணக்கு கடைசி வரை வரவேயில்லை. ஆனால் 61 மதிப்பெண்!

பயம் போய்விட்டதா? இல்லை. நேற்றுகூட வந்தது. வந்தது தெரிகிறது, அவ்வளவுதான். படிக்காமல் மூச்சை மட்டும் கவனித்தால் கணக்கு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கமே வராத அளவுக்குப் பயம் என்றால் வீட்டிலோ ஆசிரியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள்.

பொதுத்தேர்வு வருகிறது. முதல் அம்பு யாரையும் விடாது. இரண்டாவதை நாமே விட்டுக்கொள்ள வேண்டாமே!

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி